வாலஸ் அனுப்பிய இரண்டாவது படகு

இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தாமும் தனியாகக் கண்டடைந்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1860-இல் அவர் நியூகினிக்குப் பக்கத்திலுள்ள வைகியோ தீவுக்குச் சிறு படகில் கிளம்பினார். சிவப்பு சொர்க்கப் பறவையைத் தேடித்தான் அந்தப் பயணம்.

முதலில் அமர்த்திய படகாட்கள் ஓடிப்போனார்கள். வழியில் ஆளில்லாத ஒரு தீவில் காட்டுக்கொடி வெட்டிவர இரண்டு பேர் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்து நங்கூரம் நழுவ, நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எவ்வளவோ முயன்றும் திரும்ப முடியவில்லை. கரையில் நின்றவர்களிடம் உடுத்திய துணியும் வெட்டுக்கத்தியும்தான். கிழங்கு, சிப்பி, ஆமை முட்டை, இவற்றைத் தின்றே ஒரு மாதம் உயிர் வாழ்ந்தார்கள்.

வைகியோ சேர்ந்ததும் வாலஸ் கூலி பேசி ஒரு படகை அனுப்பினார். அது வெறுமனே திரும்பியது. மறுபடியும் அனுப்பினார், இருவரும் மெலிந்துபோய், ஆனால் நலமாக வந்து சேர்ந்தார்கள். அவருடைய ஆராய்ச்சியைப் போலவே இந்த இரண்டாவது படகும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தேடிய பறவைகளும் கிடைத்தன. ஆனால் 12 நாளில் முடியவேண்டிய திரும்பும் பயணம் 38 நாள் இழுத்தது. பாய்களை எலிகள் தின்றன, நான்கு நங்கூரங்கள் கடலோடு போயின. போகவர கடலில் கழிந்த 78 நாளில் ஒருநாள்கூடச் சாதகமான காற்று வீசவில்லை என்று 1869-இல் வெளிவந்த தம் பயணநூலில் வாலஸ் எழுதியிருக்கிறார்.