எழுதவும் வரையவும் தடை: தாராஸ் ஷெவ்சென்கோவும் ருஷ்யப் பேரரசும்



மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவதை நாம் நினைவுச் சொற்பொழிவு என்று கருதுவதில்லை. அவர் இருந்திருந்தால் எதைக் குறித்து நம்மோடு வாதாடியிருப்பாரோ, அதைப் பேசுவதுதான் இம்மன்றத்தின் வழக்கம். இன்று ருஷ்யப் பேரரசையும் அதன் அண்டை மக்களையும் பற்றிப் பேசுகிறோம். சேரியிலிருந்து எழுத வந்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பேரரசின் கதையை ஒரு பண்ணையடிமையின் பக்கம் நின்று சொல்லிப் பார்ப்போம்.

நமக்கு ருஷ்யா புத்தகமாகத்தான் வந்தது. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, மலிவு விலையில் நம் கைக்குக் கிடைத்தது. உழைப்பவர்கள் கதையின் நடுவே நிற்க முடியும் என்று அந்தப் புத்தகங்கள் காட்டின. அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. ஆனால் 'ருஷ்ய இலக்கியம்' என்று எழுதிய அதே அலமாரியில்தான் உக்ரைனில் பிறந்த கோகோலும் இருந்தார், கிர்கீசியரான ஐத்மாத்தவும் இருந்தார். ஒரே பெயருக்குள் பல மக்கள் அடங்கிப்போனார்கள். 'இந்து' என்ற ஒரு சொல்லுக்குள் யாரையெல்லாம் போட்டு அடைத்தார்கள் என்று அறிந்த நமக்கு, இது புரியாத சங்கதி அல்ல.

தாராஸ் ஷெவ்சென்கோ 1814இல் கீவ் மாகாணத்தின் மோரின்சி கிராமத்தில் பண்ணையடிமையாகப் பிறந்தார். அந்த நிலம் முன்பு போலந்துப் பிரபுக்களிடம் இருந்தது. 1793இல் போலந்தைப் பங்கு போட்டபோது ருஷ்யாவுக்குப் போனது. கொடி மாறியது, அடிமைமுறை மாறவில்லை. பதினோரு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்த சிறுவன், எங்கெல்ஹார்ட் என்ற நிலப்பிரபுவின் வீட்டில் எடுபிடி ஆனான். பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் ஓவியரிடம் வேலைக்கு விடப்பட்டான். அவன் திறமையைக் கண்ட கலைஞர்கள் அவனை மீட்க முயன்றார்கள். பிரியுல்லோவ் தீட்டிய, கவிஞர் ஜுகோவ்ஸ்கியின் ஓவியத்தைக் குலுக்கலில் விட்டு 2,500 ரூபிள் திரட்டினார்கள். 1838இல் அந்தத் தொகையைக் கொடுத்த பிறகுதான் அவர் சட்டப்படி மனிதர் ஆனார். அப்போதும் உடன்பிறந்தவர்கள் ஊரில் அடிமைகளாகவே இருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் கதவு திறந்துவிட்டு, அதைக் காட்டியே முறையை நியாயப்படுத்துவது நமக்கும் பழகிய தந்திரம்தான்.

1840இல் 'கொப்ஸார்' என்ற அவரது கவிதை நூல் வந்தது. மாளிகைகள் குடியானவன் பேச்சு என்று இளக்காரம் செய்த உக்ரைனிய மொழியில் அவர் எழுதினார். அந்த மொழியில் பெரிய இலக்கியம் சாத்தியமில்லை என்று அன்றைய பெரிய விமர்சகர்களே எழுதினார்கள். நம் பேச்சை 'கொச்சை' என்றவர்களை நாமும் சந்தித்திருக்கிறோம்.

1845இல் எழுதிய 'காக்கசஸ்' கவிதையைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஜாரின் படையில் அதிகாரியாக இருந்த அவருடைய நண்பர் ஒருவர் காக்கசஸ் போரில் இறந்துபோனார். அவருக்காக எழுதிய இரங்கல் அது. ஆனால் நண்பரைக் கொன்ற மலைவாசிகள் மீது கவிஞருக்குக் கோபம் இல்லை. அவர்களை அடக்க வந்த பேரரசின் மீதுதான் கோபம். அந்தப் படையின் சிப்பாய்கள் யார்? பெரும்பாலும் ஊர்களிலிருந்து பிடித்துவரப்பட்டு, இருபது ஆண்டுக்கும் மேலாகத் திரும்ப முடியாத குடியானவர்கள். அடிமையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொருவனை அடிமையாக்குவது பேரரசுகளின் பழைய வேலை. 1864இல் அந்தப் போர் முடிந்தபோது லட்சக்கணக்கான சர்க்காசியர்கள் மண்ணை இழந்து ஒட்டோமான் நாட்டுக்குத் துரத்தப்பட்டார்கள்.

அதே ஆண்டில் அவர் இன்னொரு கவிதையையும் எழுதினார். அதில் சொந்த இனத்து நிலப்பிரபுக்களைக் கேள்வி கேட்டார். உக்ரைனின் பெருமையையும் சுதந்திரத்தையும் பேசிக்கொண்டே, வீட்டில் தம் குடியானவர்களின் தோலை உரிப்பவர்கள் அவர்கள். வெளியிலிருந்து வந்த ஆண்டையை எதிர்த்து, உள்ளூர் ஆண்டையை விட்டுவிடும் விடுதலையை அவர் ஏற்கவில்லை. நாம் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது இதனால்தான்.

அவரையும் கேள்வி கேட்காமல் விட முடியாது. 'ஹைதமாக்கி' என்ற நெடுங்கவிதை 1768 கிளர்ச்சியைப் பாடுகிறது. அந்தக் கிளர்ச்சியில் உமான் நகரில் போலந்துக்காரர்களும் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். அடிமைகளின் கோபம் என்று சொல்லி அந்த ரத்தத்தைத் தாண்டிப் போக நமக்கு உரிமை இல்லை.

1847இல் அவர் கைதானார். சாதாரணச் சிப்பாயாக ஓரென்பர்க் பக்கம் அனுப்பினார்கள். தண்டனை ஆணையில், எழுதவும் வரையவும் தடை என்று ஜார் முதலாம் நிக்கோலாய் தன் கையாலேயே சேர்த்தார். ஷெவ்சென்கோ சின்னஞ்சிறு நோட்டுகளைக் காலணிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகே விடுதலை. 1858இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடிக்க வந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிஜ்ஜும் அவரும் நண்பர்களானார்கள். அவரை ஷெவ்சென்கோ வரைந்த படம் இன்றும் இருக்கிறது. மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. அடிமைத்தனம் என்ன என்று இருவரும் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1861 மார்ச்சில் ஷெவ்சென்கோ இறந்தார். அடிமைமுறை ஒழிப்பு ஆணையில் ஜார் கையெழுத்திட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் அது இன்னும் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

அவரை அடக்கிய பிறகு மொழியை அடக்கினார்கள். 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் உக்ரைனிய மொழியில் பாடநூல்களையும் சமய நூல்களையும் தடுத்தார். 1876இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் நூல் அச்சிடுவதையும், வெளியிலிருந்து கொண்டுவருவதையும், மேடை நாடகத்தையும் தடை செய்தார். அப்படி ஒரு மொழியே இல்லை என்பது அதிகாரத்தின் வாதம். இல்லாத மொழிக்கு எதற்கு இத்தனை தடை?

ஜார் ஆட்சியை 'மக்களினங்களின் சிறை' என்று லெனின் கண்டித்தார். ஆனால் ஸ்தாலின் காலத்தில் ருஷ்யர்கள் 'மூத்த அண்ணன்' ஆனார்கள். ஷெவ்சென்கோவுக்குச் சிலை வைத்த அதே அரசு, 1944இல் செச்சென்யர்களையும் கிரிமிய தாதர்களையும் ரயிலில் ஏற்றி நாடு கடத்தியது. 2021இல் புதின், ருஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று நீண்ட கட்டுரை எழுதினார். மறுவருடம் படை நுழைந்தது. போரோத்யான்கா ஊரில் இருந்த ஷெவ்சென்கோ சிலையின் தலையில் தோட்டாக்கள் பாய்ந்தன.

ஏகாதிபத்தியம் என்றால் மேற்கிலிருந்து மட்டுமே வரும் என்ற எண்ணம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. நேட்டோவின் கணக்கைக் கேட்க வேண்டியது அவசியம். அதைக் கேட்பதற்காக உக்ரைனியரின் மொழியையும் உயிரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 'நீயும் நானும் ஒன்றுதான்' என்று மேலே இருப்பவர் சொல்லும்போது, யாருடைய வீட்டுக்குள் யார் ஒன்றாக வேண்டும் என்று கேட்கக் கற்றவர்கள் நாம். அந்தக் கேள்வியை எல்லைக்கு அப்பாலும் கேட்போம். உக்ரைனியம், செச்சென்யம், தாதர் மொழிகளிலிருந்து தமிழுக்கு நேரடியாக மொழிபெயர்க்க ஆட்களை உருவாக்குவதை இம்மன்றம் தன் அடுத்த வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.