அளவுகோல் யார் கையில்?

(விருத்தாசலத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இது செராமிக் ஊர். சூளையிலிருந்து எடுத்த சாமானில் பாதி வெடிச்சு வந்தா பட்டறையில என்ன கேப்பாங்க? மண்ணு சரியா, ஈரம் காய்ஞ்சுதா, சூடு ஏத்துனது சரியா என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். வார்த்தவர் கையை மட்டும் குற்றம் சொன்னால் அடுத்த சூளையும் வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நகராட்சிகளில் ஊழியரின் உற்பத்தித்திறனை அளக்கும்போது மட்டும் இந்த ஞாயம் காணாமல் போகிறது. கடைசியில் நிற்கும் தூய்மைப் பணியாளரின் கையைத்தான் முதலில் அளக்கிறார்கள். அது பெரும்பாலும் தலித் கை.

அளவே இல்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவுக் கையேடு, நெரிசலான பகுதியில் ஓர் ஆள் 250 முதல் 350 மீட்டர் வரை தெருக்கூட்டலாம் என்று கணக்கு வைத்தது. சரி. மாசிமகத்துக்கு மறுநாள் கோயிலைச் சுற்றிக் கூட்டுகிற 300 மீட்டரும், மத்த நாள் கூட்டுகிற 300 மீட்டரும் ஒண்ணா? மீட்டர் தூரத்தைச் சொல்லும். குப்பையின் பாரத்தைச் சொல்லாது.

இதைவிடப் பெரிய சூது வகுத்தல் கணக்கில் இருக்கிறது. முடிந்த வேலையை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் உற்பத்தித்திறன். ஒரு பேச்சுக்கு, 9 கிலோமீட்டர் தெருவை 30 பேர் கூட்டுகிறார்கள். ஆளுக்கு 300 மீட்டர். ஓய்வு பெற்ற 10 பேர் இடத்தை நிரப்பாமல் விடுங்கள். மிச்சம் 20 பேருக்கு ஆளுக்கு 450 மீட்டர். காகிதத்தில் உற்பத்தித்திறன் 50 சதம் ஏறிவிட்டது! ஏறியது திறனா, இடுப்பு வலியா?

2022இல் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளில் தூய்மைப்பணி உள்ளிட்ட வேலைகளை வெளியாருக்கு விட வழி திறந்தது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீசு அவர்களை அப்புறப்படுத்தியது.

நாகபுரியிலும் சண்டிகரிலும் பணியாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியும். கையுறை வாங்கவேண்டிய அதிகாரி எத்தனை மாசமா சும்மா இருந்தார்னு காட்ட எந்தக் கடிகாரம் இருக்கு? கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு உச்சநீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் ஆக்கியது. எந்த உற்பத்தித்திறன் அட்டவணையிலும் அந்தச் சாவுக்கு ஒரு கட்டம் கிடையாது.

அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அளவு நமக்குத்தான் அதிகம் வேணும். கடைவீதிக்கு எத்தனை ஆள், சேரித் தெருவுக்கு எத்தனை ஆள்? அங்கே தினமும் கூட்டினால் இங்கே சாக்கடை அள்ளுவது எத்தனை நாளைக்கு ஒருமுறை? இந்தக் கணக்கை யாரும் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். நாமே போடணும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். வார்டு வாரியாகக் கேளுங்கள்: அனுமதித்த பணியிடம் எத்தனை, இப்போது ஆள் எத்தனை, தெரு நீளம் எவ்வளவு? காண்டிராக்டர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியிருக்கிறாரா? கையுறையும் பூட்சும் கடைசியாகக் கொடுத்த தேதி என்ன? மனு எழுதுமுன் பணியாளர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்; எதைக் கேட்கவேண்டும் என்று அவர்களுக்கு நம்மைவிட நல்லாத் தெரியும். மனுவில் அவர்கள் பெயர் வரவேண்டாம், வேலைக்கு ஆபத்து. உங்கள் பெயரில் போடுங்கள்.

பதில் வந்ததும் பையில் பூட்டி வைக்காதீர்கள். விடியற்காலை மஸ்டர் எடுக்கிற இடத்துக்குப் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமா வாசியுங்கள்.