பஞ்சபாண்டவர் ஆடிய பந்து



உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்றும் மேடை இது. பந்தைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆனால் பாரதத்தில் தொடங்குகிறேன். நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசன்று, வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே தபசு மரம் ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்குக் கீழே முந்தானைகள் விரிந்திருக்கும். பக்கத்து ஊர்க் கூத்துக்காரர் என்று தெரிந்தும் அந்த நேரத்தில் அவர் நமக்கு அர்ச்சுனன்தான்.

கல்கத்தா மைதானத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கிளப்பில் 1949 முதல் 1953 வரை முன்வரிசையில் ஆடிய ஐவரை ரசிகர்கள் ‘பஞ்சபாண்டவர்’ என்றே அழைத்தார்கள். அன்றைய ஆட்டமுறையில் தடுக்க இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். வலது ஓரம் வெங்கடேஷ், அடுத்து அப்பாராவ், நடுவில் தன்ராஜ், அவர் பக்கத்தில் அகமது கான், இடது ஓரம் சாலே. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. எல்லாரும் நம் தென்னாட்டுக்காரர்கள்.

1949இல் கல்கத்தா லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. ஷீல்டு 1950, 1951இலும் கைவிட்டுப் போகவில்லை. 1951, 1952இல் டூரண்ட் கோப்பையும் சேர்ந்தது.

பெங்களூர்க்காரரான அகமது கானைச் சற்று நின்று பார்ப்போம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பாதத்தோடு ஒட்டிக்கொண்டது போலப் பந்து அகமது கானிடம் கிடந்ததைப் பார்த்து ‘பாம்பாட்டி’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள். 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோல் இவருடையது.

இப்போது ‘பஞ்சபாண்டவர்’ என்ற பட்டப்பெயருக்கு வருவோம். 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசல் விட்டு வந்தவர்கள் சியால்டா ரயில் நிலைய நடைமேடையில் குடும்பம் நடத்திய காலம் அது. விட்டு வந்த மண்ணின் பெயர் அவர்களுக்கு மிஞ்சியிருந்த இடங்களில் ஒன்று இந்தக் கிளப். ஜெயித்த நாளில் அந்த மண்ணின் இலிஷ் மீனை வாங்கிக் குழம்பு வைத்துக் கொண்டாடுவார்கள். பாண்டவரும் நாடிழந்து காட்டுக்குப் போனவர்கள்தாமே! நாடிழந்த மக்கள், தங்கள் மொழி பேசாத ஐவரிடம் தங்கள் கதையைக் கொடுத்துவைத்தார்கள். மதக் கலவரத்தில் ஊரையே பறிகொடுத்து வந்தவர்கள், பாண்டவரில் ஒருவர் பெயர் அகமது கான் என்பதற்காகத் தயங்கவில்லை.

அடுத்த முறை திருவிழாவின் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, பாண்டவர் வேடம் சுற்றி வரும்போது, இந்த ஐவரையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு நம் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் வெளியூர்ப் பையனிடம், அவன் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன் அவன் ஆட்டத்தைப் பாருங்கள்.