தோழமை எதனைத் தாங்குகிறது?



பிள்ளைகள் வழி தவறினால் "கூடாத சேர்க்கை" என்று கூறி முடித்துவிடுகிறோம். 'சிற்றினஞ் சேராமை' வகுத்த வள்ளுவரே 'நட்பு' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை மறத்தலாகாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் தோழரின் ஆதரவு சோற்றைப் போன்றது. வேற்றுமொழி வழங்கும் ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ அது இன்னும் இன்றியமையாதது. அவ்வாதரவு எச்செயலுக்குக் கிடைக்கிறது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்னும் நகரங்களில் 1939-ஆம் ஆண்டு ஒரு நன்முயற்சி தொடங்கிற்று. ஒத்த நிலையிலுள்ள சிறுவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் ஆகியவற்றை அளித்தனர். 1945 வரை அப்பணி நடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு என்னும் அம்மையார் அவர்களைத் தேடி ஆராய்ந்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோர் பெறாதோரினும் மேம்படவில்லை. சிலவற்றில் தாழ்ந்தும் இருந்தனர். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் சென்றோரிடமே தீமை மிகுந்திருந்தது என்று 1999-இல் அவரும் டிஷியன் முதலியோரும் எழுதினர்.

முகாமில் தீயன கற்பித்தவர் எவருமிலர். டிஷியன் குழுவினர் சிறுவரின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது ஒன்று புலனாயிற்று. ஒருவன் விதி மீறியதைச் சொல்வான், மற்றவன் சிரிப்பான். அச்சிரிப்பே பரிசு. அப்பரிசை மிகுதியாகப் பெற்றவர்கள் பின்னாளில் குற்றச் செயல்களில் மிகுதியாக ஈடுபட்டனர்.

இதனை இன்று கூறுவதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்குச் செல்லாது திரியும் சிறுவர்களை ஞாயிறுதோறும் தனி வகுப்பில் சேர்க்கலாம் என்று நம் காலனி அன்பர் சிலர் கருதுகின்றனர். நல்லெண்ணமே, ஆயினும் நான் உடன்படேன். பழுதுற்ற வாகன்களைப் பிரித்து 'சிக் லைனில்' நிறுத்துவது ரயில்வே முறை. பிள்ளைகளை அவ்வாறு நிறுத்தினால் ஒருவனுக்கு மற்றவனே ஆசானாவான்.

ஆகவே, அவர்களைப் பிரித்து வையாது, வாலிபால் குழுவிலும் நூலகப் பணியிலும் இவ்விழா மேடை வேலையிலும் மற்றப் பிள்ளைகளோடு ஒருவர் இருவராகக் கலந்து சேர்ப்போம். ஒவ்வொரு குழுவோடும் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். நற்செயலுக்குத் தோழர் கைதட்டும் ஓசையை அவர்களும் கேட்கட்டும். நம் வீட்டுக் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!