கார் ஏன் குலுங்குகிறது?

கொல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகம் இருக்கிறது. அந்தப் பக்கம் மழையில் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று குலுங்குகிறது. வாடகைக்கு ஓட்டுபவருக்கு அன்றைய கூலி போயிற்று!

அம்பாசிடர் அருகிலுள்ள உத்தர்பாராவில்தான் தயாரானது. 2014-இல் நின்றுவிட்டது. கண்டதையும் மாற்றினால் காசுதான் கரையும்.

நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? மழையில் வந்த கோளாறு அல்லவா? முதலில் என்ஜினை நிறுத்துவார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைப்பார். பல கார்கள் இதிலேயே சரியாகிவிடும். செலவே இல்லை!

சரியாகவில்லையா? என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். எது வேலை செய்யவில்லை? ஒரு பிளக் வயரைக் கழற்றுவார். அதன் நுனி என்ஜின் இரும்பைத் தொடும்படி வைப்பார். பிறகு என்ஜினை ஓடவிட்டுக் கேட்பார். குலுக்கல் அதிகமானால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லை என்றால் அதுதான் படுத்துவிட்டது. என்ஜின் ஓடும்போது வயரைத் தொடமாட்டார். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாயும்.

என்ஜின் ஆறியதும் அந்தப் பிளக்கை வேறு சிலிண்டரில் போடுவார். கோளாறும் கூடவே போனால் பிளக் கெட்டது. போகாவிட்டால் வயரிலும் மூடியிலும் விரிசல் தேடுவார். அவையும் நன்றாக இருந்தால் வால்வைச் சந்தேகிப்பார்.