அம்மா பின்னால் ஏறினால் மோட்டார் எவ்வளவு இறங்கும்?



தஞ்சோங் டாவாய்க்கு நெத்திலியும் கருவாடும் பெலாச்சானும் வாங்கப் போகிறவர்கள் படகுத்துறைப் பக்கம் நிற்கும் மோட்டார்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். கப்சாய்தான் அதிகம். அதிலும் இளைஞர்களுடைய சில வண்டிகள் பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. இன்றைய பேச்சு அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பற்றியதுதான்.

கப்சாய் என்ற பெயரில் பாதி, ஹோண்டா 1958இல் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப்பிலிருந்து வந்தது. மீதிப் பாதி சீன மொழிச் சொல். சின்னது என்று பொருள். கெடாக்காரர்களுக்கு இதில் இன்னொரு உரிமையும் உண்டு. தேசிய மோட்டார் சைக்கிள் நிறுவனமான மோடெனாஸ் ஜெராய் மலைக்குப் பக்கத்தில் குரூணில்தான் தொழிற்சாலை அமைத்தது. அதன் முதல் மோட்டாரான கிரிஸ் 1996இல் வந்தது. கவாசாகியின் தொழில்நுட்பத்தில் உருவான 111 சிசி வண்டி அது. மெர்போக், செமிலிங், பீடோங் தோட்டங்களில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுவோ அதைப் போன்ற ஒன்றோதான் முதல் மோட்டார்.

பதினாறு வயதில் பி2 லைசென்ஸ் எடுக்கலாம். சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை, முதல் சம்பளம், மாதத் தவணையில் ஒரு மோட்டார். அடுத்த மாதமே பின் அப்சோர்பரைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றைப் போடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, கால் தரையில் நன்றாக ஊன்றுகிறது என்பார்கள். புதிதாக ஓட்டுபவருக்குக் கால் ஊன்றுவது தைரியம் தரும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தைரியத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்று கடைக்காரர் சொல்வதில்லை.

ஒரு கப்சாயின் எடை ஏறக்குறைய 100 கிலோ. ஓட்டும் பையன் 60 கிலோ, பின்னால் ஏறும் அம்மா 55 கிலோ, மடியில் ஒரு சந்தைப் பை. ஆக, சுமை வண்டியைவிடக் கனம். கார் இப்படிப்பட்ட சுமையை ஏற்றுவதே இல்லை. இந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு பின்சக்கரம் மேலும் கீழும் அசைய, பெரும்பாலான கப்சாய்களில் 10 சென்டிமீட்டருக்கும் குறைவான இடமே உண்டு. எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டை அப்சோர்பர் அதில் மூன்று நான்கு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. மீதியில் அம்மாவும் உட்கார வேண்டும், சாலைக் குழியும் அடங்க வேண்டும்.

அடங்காதபோது இரண்டில் ஒன்று நடக்கும். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் அடித்தட்டில் மோதும், அல்லது டயர் மட்கார்டில் உரசும். கடினமாக இருந்தால் குழியில் விழுந்த சக்கரம் கீழே இறங்காமல் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? அதோடு பின்பக்கம் இறங்கினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். இருட்டில் எதிரே வருபவருக்குக் கண் கூசும், ஓட்டுபவருக்குச் சாலை தெரியாது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்கள்தான் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

மாற்றத்துக்கு முன் செய்ய வேண்டியது அளப்பது. தையல் டேப் போதும். இரட்டைக் கால் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையைத் தொடாது. அப்போது அச்சு நட்டிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஓர் இடம் வரைக்கும் அளந்து எழுதுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஓட்டுபவர் உட்கார, வேறொருவர் அளக்கட்டும். மூன்றாவதாக அம்மாவை ஏற்றி அளக்க வேண்டும். (அம்மா சிரிப்பார். பரவாயில்லை.) தனியாக உட்காரும்போது மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. இருவர் ஏறியதும் முக்கால் பங்கு போய்விட்டால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது சுமை அதிகம்.

சில அப்சோர்பர்களின் அடியில் படிப்படியாகத் திருகும் வளையம் இருக்கும். அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். வண்டி நிற்கும் உயரம்தான் கூடும். இருவர் போகும் நாளில் இரண்டு படி ஏற்றுவது நல்லது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பக்கம் வேறு கதை. தஞ்சோங் டாவாயில் காற்றிலேயே உப்பு. கூடையில் மீன் கட்டினால் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். ஃபோர்க் குழாயில் ஊசிமுனை அளவு துரு பிடித்தால் போதும், அது ஏறி இறங்கும்போதெல்லாம் ஆயில் சீலை அறுக்கும். உள்ளே இருக்கும் ஃபோர்க் ஆயில் வழிந்து டிஸ்க் பிரேக்கில் பட்டால் பிரேக் வழுக்கும். ஆயில் குறைந்த ஃபோர்க் ஒரு மேடு ஏறிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். இதற்குப் புது ஃபோர்க் வேண்டியதில்லை, புதுச் சீலும் கையேட்டில் சொன்ன அளவு ஆயிலும் போதும். கெட்டியான ஆயில் ஊற்றினால் ஆட்டம் அடங்கும், ஆனால் சிறு குழிகள் மணிக்கட்டில் தெரியும். மீன் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுங்கள், செலவே இல்லை.

இனி பெட்ரோல். கப்சாயின் தாங்கி சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னக் குடுவை, நான்கு லிட்டர் என்று வையுங்கள். முள்ளை நம்ப வேண்டாம். ஒருநாள் முழுக்க நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 150 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி நிரப்பும்போது 3.4 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 44 கிலோமீட்டர். அடியில் 0.8 லிட்டரை எப்போதும் விட்டுவைத்தால் 140 கிலோமீட்டர் ஓடலாம். வேலைக்குப் போக வர நாளுக்கு 60 என்றால் இரண்டு நாள் நிம்மதி.

அதே வண்டி 36க்கு இறங்கினால் 115தான். இரண்டாம் நாள் இரவு வேலை முடிந்து வரும்போது விட்டுவைத்த பெட்ரோலில் கைவைக்க வேண்டும். இத்தனைக்கும் எஞ்சினில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். காற்றுக் குறைந்த டயர், இழுத்துக்கொண்டிருக்கும் பிரேக், உப்பில் துருப்பிடித்து இறுகிய சங்கிலி, மட்கார்டில் உரசும் டயர், இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கார்புரேட்டர் வண்டியில் வறண்டுபோனால் தள்ளிக்கொண்டு போவதோடு சரி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்பைக் குளிரவைப்பதே தாங்கியில் இருக்கும் பெட்ரோல்தான். அடிக்கடி வறளவிட்டால் பம்ப்பின் ஆயுள் குறையும். அதற்காகத் தண்ணீர் போத்தலில் பெட்ரோல் நிரப்பிக் கூடையில் தொங்கவிடுவது மகா ஆபத்து.

மெலிந்த டயர் போட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மெலிந்த டயருக்குச் சுற்றளவும் பெரும்பாலும் குறைவு. பல கப்சாய்களில் மீட்டரை ஓட்டுவது முன்சக்கரம். சுற்றளவு குறைந்தால் அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், மீட்டரும் அதிகமாகக் காட்டும். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடிவிட்டது என்று பையன் சந்தோஷப்படுவான். தூரம் கூடவில்லை, கணக்குத்தான் கூடியது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்த எண்ணையும் பாருங்கள். 38 என்றால் அந்த டயர் 132 கிலோ தாங்கும், 44 என்றால் 160. மெலிந்த டயரில் இந்த எண் இறங்கும், அம்மாவின் எடை இறங்காது.

காற்றின் அளவை வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்க்கலாம். தனியாகப் போக ஓர் அளவு, இருவர் போகப் பின்சக்கரத்துக்குக் கூடுதலாக ஓர் அளவு என்று பெரும்பாலும் பிரித்தே போட்டிருக்கும். காலையில் டயர் சூடேறுமுன் அடிப்பது நல்லது.

அப்சோர்பரை மாற்றியே தீருவேன் என்று பிள்ளை நின்றால், பழையதற்குச் சமமான நீளம் உள்ளதை வாங்கச் சொல்லுங்கள். கழற்றிய ஒரிஜினல் அப்சோர்பரைக் கடையில் விட்டுவராமல் துடைத்துத் தாளில் சுற்றி வீட்டில் வையுங்கள். மறுபடி தேவைப்படும்.