மத்தியானம் இவ்வளவு நீளமோ?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பெண்களின் ஆரோக்கியம்" பற்றிப் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டார். அது இந்த நேரத்துக்குள் அடங்காது. அதனால் களைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என்னிடம் வரும் பெண்கள் எழும்பிப் போகும்போது, கதவுப்பிடியில் கை வைத்தபடி, வெட்கத்தோடு சொல்வது அதைத்தான்: "வேறையொண்டும் இல்லை டொக்டர், சும்மா அலுப்பு."

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இங்கே மாணவத் தலைவியாக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத, ஜாம்போத்தல் விளக்கில் படித்த காலம். என் வகுப்பில் ஒருத்தி கடைசிப் பாடத்தில் எப்போதும் மேசையில் தலை சாய்த்துவிடுவாள். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு இடையில் நின்றுவிட்டாள். காலைப் பிரார்த்தனையில் இரண்டு தரம் மயங்கி விழுந்தாள். "தூங்குமூஞ்சி" என்று அவளுக்குப் பெயர் வைத்தோம். பிந்தி வருவோர் கொப்பியில் அவள் பெயரை அதிகம் எழுதியது என்னுடைய கை.

சென்ற வருடம் அவள் கனடாவிலிருந்து தொலைபேசியில் கதைத்தாள். அங்கே ஒரு மருத்துவர் அவளது இரும்புச் சேமிப்பைப் பரிசோதித்திருக்கிறார். பெரிற்றின் 6. பெரியவர்களுக்கு 15 இற்குக் கீழே போனாலே இரும்புக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதின்மூன்று வயதிலிருந்து அவளுக்கு மாதவிடாயில் கடும் உதிரப்போக்கு. வீட்டிலும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. "எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டு நினைச்சன். நீங்கள் தாங்கிறியள், என்னால ஏலாமல் கிடக்கு எண்டுதான் நினைச்சன்" என்றாள். மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகு அவள் கேட்டதுதான் இந்த உரையின் தலைப்பு: "எடி, மத்தியானம் இவ்வளவு நீளமோ?"

பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்லச் சொன்னவளும் அவள்தான்.

மற்றவருடைய உடம்புக்குள் புகுந்து பார்க்க எவராலும் முடியாது. அதனால் நம் களைப்பை மற்றவர் களைப்போடு ஒப்பிட வழியே இல்லை. சிலர் பிறவியிலேயே வைகறையில் எழும்பிப் பம்பரமாய்ச் சுழல்வார்கள், சிலருக்கு இரவில்தான் மூளை விழிக்கும். ஒருவருக்கு ஏழு மணித்தியால நித்திரை போதும், இன்னொருவருக்கு ஒன்பது வேண்டும். இவை நோய்களல்ல. நாலு மணிக்கு எழும்பி ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவருக்கு வரும் களைப்புக்கும் என்னிடம் மாத்திரை இல்லை. வீட்டில் உள்ள மற்ற ஐந்து பேரிடம் இருக்கிறது. ஆனால் முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்றாலோ, என் தோழியைப்போல முன்பு என்ற ஒன்றே இல்லை என்றாலோ, அதைக் குணம் என்று எழுதிவிடக்கூடாது.

அவளுக்கு இங்கேயே ஒருமுறை இரத்தம் பரிசோதித்திருக்கிறார்கள். ஈமோகுளோபின் 12 இற்குச் சற்று மேலே. "இரத்தம் காணும், நல்லாச் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 இற்குக் குறைந்தால்தான் இரத்தசோகை என்று பெயர். ஆனால் அரிசி வாளியின் அடியைச் சுரண்டும்வரை பானை பொங்கிக்கொண்டுதான் இருக்கும். உடம்பும் முதலில் சேமிப்பைத்தான் கரைக்கும், இரத்தத்தில் கடைசியாகவே கை வைக்கும். இரும்பு இரத்தத்துக்கு மட்டுமல்ல, தசைக்கும் கலங்கள் சக்தி உண்டாக்குவதற்கும் வேண்டும். இரத்தசோகை இல்லாத, ஆனால் சேமிப்புக் குறைந்த, களைப்புள்ள பெண்களுக்குப் பன்னிரண்டு வாரம் இரும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2012 இல் வெளியானது. களைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் கால்வாசிக்கு மேல் குறைந்தது. ஒருவர் இருந்து கேட்டாலே கொஞ்சம் குறைகிறது போலும். இது என் ஊகம்.

கணக்கையும் சொல்கிறேன். உணவிலிருந்து ஒரு நாளில் நாம் உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் இரும்பு. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றர் போனால் ஏறத்தாழ 40 மில்லிகிராம் போய்விடும். யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாகப் போனால், இரவில் அதற்காக எழும்பினால், அது கூடுதல். மகளிடம் ஒருமுறை கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரும்பு குறைந்தால் கதை வேறு. குடலில் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும், மாத்திரையோடு நிறுத்தக்கூடாது.

அடுத்தது பிளேன்ரீ. இதைச் சொன்னால் எனக்கு ஊரில் பகைதான். சோற்றோடும் கீரையோடும் கிடைக்கும் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலையின் சாயம் பிடித்துக்கொள்ளும். சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்துச் செய்த பழைய ஆய்வொன்றில், தேநீரோடு உண்டபோது உறிஞ்சப்பட்ட இரும்பு கால்வாசியாக இறங்கியது. முருங்கையிலைச் சுண்டலுக்கு அம்மம்மா தேசிக்காய்ப்புளி விட்டது நல்ல வேலை, புளி இரும்பைச் சேரவிடும். மேலே பிளேன்ரீ குடித்து அதைக் கெடுத்தோம். நானே கிளினிக்குக்கும் கிளினிக்குக்கும் இடையில் பாணும் பிளேன்ரீயுமாக ஓடி, 42 வயதில் என் பெரிற்றினை 9 இற்கு இறக்கிக்கொண்டவள்.

மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். எங்கள் நாட்டில் தலசீமியாக் காவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஈமோகுளோபின் குறைவாகத் தெரியலாம், ஆனால் இரும்பு அதற்கு மருந்தல்ல. தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு எல்லாம் களைப்பாகவே வரும். மருத்துவர் தந்தால், ஒன்றுவிட்ட ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அப்படித்தான் நன்றாகச் சேருகிறது, வயிற்றுப் பிரட்டலும் குறைவு. மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம்.

பிந்தி வருவோர் கொப்பி இன்னும் அலுவலக அலுமாரியில் இருக்கிறதா என்று அதிபரிடம் கேட்டேன். இடப்பெயர்வோடு போய்விட்டதாம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிளேன்ரீ வரும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. ஒரு மணித்தியாலம் பிந்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். என்னைக் கோபிக்க வேண்டாம்.